மூன்றரைப் பேர்

நாங்கள் மூன்றரைப் பேர்.
அந்த அரை, செவ்வாயும் வியாழனும் மட்டும் வந்து
கணக்கெழுதும் லூசியன்.
அலுவலகம் முன்பு பல் வைத்தியரின் கிளினிக்.
மழை நாளில் சுவரிலிருந்து
கிராம்பெண்ணெய் வாசனை இறங்கும்.
வாயைத் திறந்து காத்திருந்தவர்களின் இடத்தில்
நன்கொடைக்காக
நாங்கள் காத்திருக்கிறோம்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
நாற்பத்தொரு பத்திரங்கள் எங்கள் பொறுப்பு.
இந்நிலத்தைக் கூறுபோடமாட்டேன்,
வீடு எழுப்பமாட்டேன், ஓடையை மறிக்கமாட்டேன்
என்று உடையவர் ஒப்பமிட்டிருப்பார்.
கல்லும் புல்லும் உள்ளவரை
கண்காணிப்போம் என்று
அடுத்த பக்கத்தில் நாங்கள்.
எல்லாப் பத்திரத்திலும் ஒரு சொல் பொது:
என்றென்றைக்கும்.
எங்கள் மானியம் ஜூன் முப்பது வரை.

வருடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு நிலத்தையும் சுற்றி நடக்க வேண்டும்.
நடப்பவள் டெல்ஃபின்.
வேட்டைக்காரன் மானென்று சுட்டுவிடாதிருக்க
ஆரஞ்சு அங்கி,
காலுறைக்குள் செருகிய கால்சட்டை, உண்ணிக்குப் பயந்து.
பாசிக்கடியில் எல்லைக் கம்பியைத் தேடுவாள்.
போன தடவை நின்ற அதே பாறையில் நின்று
அதே திசையில் ஒரு படம்.
கடிதம் எழுதுவது என் வேலை,
பெரும்பாலும் நன்றி.

ரோசேர் மிஷோவின் நிலத்துக்கு
நாங்கள் மூன்று வருடம் போகவில்லை.
முதல் வருடம் பனி சீக்கிரம் விழுந்தது.
மறு வருடம் டெல்ஃபினுக்குப் பிரசவம்.
அதற்கடுத்தது வண்டியின் கியர்பெட்டி.
காரணங்கள் எல்லாமே உண்மை.

போனபோது
உருளைக்கிழங்கு வயல் முடிந்து
காடு தொடங்கும் இடத்தில்
எல்லைக்குள் பதினான்கு அடி தள்ளி
ஒரு பச்சைக் கொட்டில்.
ஏரி உறைந்ததும் நடுவே இழுத்துப்போய்
உள்ளே அமர்ந்து தூண்டில் போடுவார்களே,
அது.

இது கட்டடமா என்று இரண்டு நாள் பேசினோம்.
அஸ்திவாரம் இல்லையே என்றார் இயக்குநர் ஹாலிஸ்.
புகைபோக்கி இருக்கிறதே என்றாள் டெல்ஃபின்.
சறுக்குக் கட்டையில் நிற்பது வண்டிதானே என்று
அன்று வியாழன் ஆகையால் லூசியனும்.
கடைசியில் நான்கு முறை எழுதினேன்.
'அன்புள்ள' என்பதை மட்டும்
வக்கீல் அடிக்காமல் விட்டார்.

கடிதம் கிடைத்த அன்றே போன் வந்தது.
"ஆக, வந்தீர்கள்" என்றார்.
நான் விதி எண்ணைச் சொல்லத் தொடங்கினேன்.
"கையெழுத்துப் போட்ட மறு மாதமே
அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.
சாலையிலிருந்தே தெரியும்படி.
என்றென்றைக்கும் என்றீர்களே,
அது எத்தனை நாள் என்று பார்க்கலாம் என்று."
பிறகு, சற்றே குரல் தாழ்த்தி,
"மூன்று குளிர்காலம்
நான் மீன்பிடிக்கப் போகவில்லை, தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்,
ரிசீவரை வைத்த பின்னும் சிறிது நேரம்.

மறுபடி போனபோது கொட்டில் இல்லை.
அவரே டிராக்டரில் கட்டி இழுத்திருந்தார்.
சறுக்குக் கட்டை அழுத்திய இடத்தில்
வெளிறிய புல்லாய் இரண்டு நீளக் கோடுகள்;
ஒன்றில் எறும்புகள் முட்டை சுமந்து
அவசரமாக வீடு மாற்றிக்கொண்டிருந்தன.
ஏழாம் எண் பாறையிலிருந்து
படமெடுத்தாள் டெல்ஃபின்.
படிவத்தை என் முதுகில் வைத்து நிரப்பினாள்.
மீறல்: ஒன்று.
நிலை: சரிசெய்யப்பட்டது.
மீறியவர் என்ற கட்டத்தில்
பேனா முனை என் தோள்பட்டையில்
அசையாமல் நின்றது வெகுநேரம்.

என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.
தூறல் விழுந்தது, காகிதத்தை மடித்தாள்.
அடுத்த நிலம் பதினெட்டு மைல்.
நான்கு மணிக்கே இருட்டிவிடும் இங்கே.